ஒற்றைக் கண் துப்பறிவாளர்: மட்டக்களப்பு, அம்பாறைக் குறும்பட இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

வணக்கம். உங்களில் பலருடைய படங்களுக்கு நான் ஒப்பனை செய்திருக்கிறேன். அதற்கு முன்னர் கூத்துக்காரருக்கும் கோயில் திருவிழா நாடகக்காரருக்கும் முகம் பூசியவன். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், படுவான்கரையிலும், அங்கால கல்முனை, திருக்கோவில் வரையும் என் பெட்டி போய் வந்திருக்கிறது. வெளியாள் வந்து புத்தி சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். படப்பிடிப்பில் உங்களோடு ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவன்தான் கேட்கிறேன்: நடிகர் தெரிவு நடக்கும் இடத்தில், கமராவின் மூடியைக்கூடக் கழற்றாமல், ஓர் ஆளை எந்தக் கணக்கில் "கமராவுக்குச் சரிவராது" என்று அனுப்பிவிடுகிறீர்கள்?

அண்மையில் நடந்த ஒரு தெரிவில் நானும் ஓரமாக இருந்தேன். யாருடைய படம், எந்த மண்டபம் என்பது இங்கே தேவையில்லை. அந்த ஒருவரைப் பிடித்து உலுக்குவது என் நோக்கமில்லை, மற்ற மேசைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். வாகரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். 2006 சண்டையில், சின்னஞ்சிறு வயதில், செல் துண்டு பட்டு இடது கண்ணை இழந்தவர். செயற்கைக் கண் வைத்திருக்கிறார். நடித்துக் காட்டக் கொடுத்தது, தகப்பனின் செத்தவீட்டுச் செலவுக்குக் கடன் கேட்டுப் போகும் ஒரு மகனின் வசனம். முன்னுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் அழுதார்கள், இல்லாவிட்டால் குரலை உடைத்தார்கள். இவர் மீன் விலை விசாரிப்பவர் மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார். கேட்டு முடிந்த பிறகுதான் கை மெல்லப் போய்ச் சாரத்தின் மடிப்பை இறுக்கியது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற பெடியன் கேத்தலைச் சரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேசையில் இருந்தவர் சொன்னார்: "குரல் நல்லம் தம்பி. ஆனா கமராக்குக் கண் சரிவராது." மறுகா, இரக்கப்பட்டோ என்னவோ, "வில்லனுக்குப் பக்கத்தில நிக்கிற ஆள் ஒண்டு இருக்கு. கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிட்டு நிண்டாச் சரி. வசனம் இல்ல" என்றார். கமரா அவருக்கு முன்னால்தான் மூடி போட்டபடி கிடந்தது.

இதே பதிலை இதே மாதிரி ஒருவர், கிட்டத்தட்ட எழுபது வருசத்துக்கு முன்னர், அமெரிக்காவில் வாங்கியிருக்கிறார். அவருடைய கதையைச் சொல்லத்தான் இந்த மடல்.

பீற்றர் ஃபால்க் என்று பெயர். "கொலம்போ" என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். (தொடரின் பெயரைக் கேட்டுக் கொழும்பில் எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள், துப்பறியும் பொலிஸ்காரரின் பெயர் அது, கதை நடப்பது லொஸ் ஏஞ்சல்ஸில்.) நம்முடைய வீடுகளில் கார் பற்றரியில் ரீவி போட்டுப் பார்த்த காலத்துப் பெரிசுகளுக்கே அவரைத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 2020 ஊரடங்கில் திருவிழாவும் இல்லை, படப்பிடிப்பும் இல்லை. மகன் கணினியில் இறக்கி வைத்திருந்ததைப் பொழுதுபோகாமல் பார்க்கத் தொடங்கினேன். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. முகம் பார்ப்பதுதானே தொழில், முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மகனிடம் நிறுத்தச் சொன்னேன். "இந்தாளுடைய வலது கண் நடிக்கவில்லை" என்றேன். அவன் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான், சரிதான் என்று.

1927இல் நியூயோர்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் விழித்திரையில் புற்றுநோய். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து செயற்கைக் கண். ஒளித்து வைத்து வளர்ந்த பிள்ளையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் ஆடும்போது நடுவர் ஒருதரம் தப்பாக ஆட்டமிழப்புக் கொடுத்துவிட்டாராம். இவர் கண்ணைக் கழற்றி நடுவரின் கையில் வைத்து, "இதைப் போட்டுப் பாருங்க" என்றாராம். பின்னாளில் அவரே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் செய்திருந்தால் தகப்பனைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள்.

படையில் சேரப் போனார், கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். வணிகக் கப்பலில் சமையல்காரராகப் போனார். பிறகு படித்தார், பொது நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டம்கூட வாங்கினார். கனெக்டிகட் மாநிலத்தின் வரவுசெலவுக் கந்தோரில் உத்தியோகம்: அலுவல்களைத் திறமையாக நடத்துவது எப்படி என்று ஆராய்ந்து சொல்லும் வேலை. முதல் நாள் காலை வேலைக்குப் போக வேண்டிய கட்டிடத்தையே தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவு பெரிய நிபுணன் நான், என்று அவரே பகிடி விட்டிருக்கிறார். பகலில் கந்தோர், இரவில் ஊர் நாடகக் குழு. உங்களில் பாதிப்பேருக்கு இந்த வாழ்க்கை தெரியும். பகலில் வங்கி, பிரதேச செயலகம், ரியூசன் வகுப்பு, சனி ஞாயிறில் படப்பிடிப்பு.

வேறோர் ஊரில் ஈவா லி கலியேன் என்ற பெரிய நடிகை தொழில்முறை நடிகர்களுக்கென்று வகுப்பு நடத்தினார். இவர் தன்னையும் தொழில் நடிகன் என்று சொல்லிக்கொண்டு நுழைந்து, வேலை முடித்து வண்டி ஓட்டிப் போவதால் ஒவ்வொரு தடவையும் பிந்திப் போவார். ஒருநாள் அந்த அம்மா பிடித்துக் கேட்க, நான் தொழில் நடிகனே இல்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்படியென்றால் தொழில் நடிகராகிவிட வேண்டியதுதானே" என்ற பொருள்பட அந்த அம்மா சொன்னதைக் கேட்டு உத்தியோகத்தை விட்டுவிட்டு 1956இல் நியூயோர்க் மேடைக்கு வந்தார். அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போன பிள்ளையை நம்முடைய அம்மாமார் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

மேடையில் பிரச்சினை இல்லை. சினிமாவுக்குப் போகலாம் என்றதும் அவருடைய முகவரே தடுத்தார்: கண் இப்படி இருக்க உனக்குச் சினிமா சரிவராது. கொலம்பியா என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தில் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதன் தலைவர் ஹரி கோன் சொன்ன பதில் பிரசித்தமானது: இதே காசுக்கு இரண்டு கண் உள்ள நடிகனை என்னால் எடுக்க முடியும். கொடூரமான பேச்சு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள், அந்த மனிதரின் இடத்தில்கூட இவரைக் கமராவுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். நாம் அதையும் செய்யவில்லை.

மற்ற இயக்குநர்கள் எடுத்தார்கள். 1960இல் வந்த ஒரு படத்தில் கூலிக்குக் கொலை செய்பவன் வேடம், அடுத்த வருசம் இன்னொரு படத்தில் நகைச்சுவையான அடியாள். இரண்டுக்கும் அடுத்தடுத்து ஒஸ்கார் துணை நடிகர் பரிந்துரை வந்தது. 1962இல் லொறிச் சாரதியாக நடித்த ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு எமி விருது. கொலம்போ வேடமும் அவருக்கென்று எழுதப்பட்டதில்லை. ரிச்சட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு கூட்டாளிமார் எழுதினார்கள். அவர்கள் மனதில் இருந்தது வயதான ஆள். பாடகர் பிங் குரொஸ்பியிடம் கேட்டார்கள், அவர் மாட்டேன் என்றார். 1968இல் வேடம் இவர் கைக்கு வந்தது. 1971இல் ஒழுங்கான தொடராகி 1978 வரை, பிறகு 1989இலிருந்து 2003 வரை, எல்லாமாக 69 கதைகள். அந்த வேடத்துக்கு மட்டும் நான்கு எமி விருதுகள். தொடராக வந்த முதல் கதையை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். அப்போது அவருக்கு 24 வயது. உங்களில் பலருடைய வயது.

இனித் தொழிலுக்கு வருவோம். கொலம்போ கதைகளில் கொலைகாரன் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். யார் செய்தது என்று பார்ப்பவர் மண்டையை உடைக்கத் தேவையில்லை. பெரிய வீடு, நல்ல உடுப்பு, படித்த பேச்சு உள்ள கொலைகாரன் ஒரு பக்கம். கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக வரும் பொலிஸ்காரர் மறு பக்கம். ஒன்றரை மணி நேரம் இந்த இரண்டு முகங்களையும் வைத்தே ஓட்ட வேண்டும். முகத்தில் பிசகினால் எல்லாமே போயிற்று. அப்படிப்பட்ட வேடத்தைத்தான், கமராவுக்குச் சரிவராது என்ற முகத்தை நம்பிக் கொடுத்தார்கள்.

அவர் செய்வதைக் கிட்டப் போய்ப் பார்த்தால், தலையை ஒரு பக்கம் சரிப்பார். கண்ணைச் சுருக்குவார். கண்ணால் திரும்பாமல் முழுத் தலையாலும் திரும்புவார். சட்டைப் பையில் பென்சில் தேடுவார், அகப்படாது, கொலைகாரனிடமே கேட்டு வாங்குவார். கதவுவரை போய்விட்டு விரலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார், "இன்னும் ஒரேயொரு விசயம்" என்று. எதிரில் நிற்பவன் அதற்குள் மூச்சு விட்டிருப்பான். அந்த மூச்சிலேதான் பிடிபடுவான். அந்த மழைக்கோட் உடுப்புப் பகுதி கொடுத்ததில்லை, நியூயோர்க்கில் மழையில் அகப்பட்ட நாளில் அவரே கடையில் வாங்கியது. ஓட்டித் திரியும் பழைய பேஜோ 403 காரையும் அவரே தெரிந்தெடுத்தார். வேடத்தை வெளியிலிருந்து உள்ளுக்குக் கட்டும் நடிகர். கூத்துப் பழக்கும் நம்மூர் அண்ணாவிமாருக்கு அவரைப் பிடித்திருக்கும்.

சிலர் எழுதுவார்கள், கண் போனதால்தான் அந்தப் பார்வை வந்தது, குறையே வரமாயிற்று என்று. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. கண் போவது வரமில்லை, வாகரைத் தம்பியின் தாயிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கண் இருந்திருந்தாலும் ஃபால்க் நல்ல நடிகராகத்தான் இருந்திருப்பார். சம்பளத்துக்காகத் தயாரிப்பாளர்களோடு முட்டி மோதியவர், தேவையென்றால் முரண்டு பிடிப்பவர், எல்லாரையும் போல ஒரு மனுசன். அவருடைய கண்ணைக் கதைப்பொருளாக்காமல் விட்டார்களே, எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் படுகிறது. கொலைகாரன், லொறிச் சாரதி, மனைவி மனம் குழம்பிப் போக நடுவில் தத்தளிக்கும் கட்டிடத் தொழிலாளி, காய்ச்சலில் கிடக்கும் பேரனுக்குப் புத்தகம் வாசிக்கும் தாத்தா, எல்லாம் செய்தார். எதிலும் "ஐயோ, கண் இல்லாதவன்" என்று ஒருவரும் அழவில்லை. கொலம்போவுக்கு இரண்டு கண்ணா ஒன்றா என்பதைத் தொடர் வாய்திறந்து சொல்லவே இல்லை. 1997இல் வந்த ஒரு கதையில்தான், இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடும்போது, ஒரு கண்ணைவிட மூன்று கண் நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி. அவ்வளவுதான். 2011 யூனில், 83 வயதில் காலமானார். கடைசி வருசங்களில் மறதி நோய்.

நம்முடைய படங்களில் நிலைமை என்ன? கண்ணோ காலோ கையோ இழந்தவர் வந்தால் மூன்று வழிதான்: வில்லனின் அடியாள், சிரிப்புக்கு ஒருவர், இல்லாவிட்டால் புல்லாங்குழல் பின்னணியில் கடைசிக் காட்சியில் கண்ணீர் வரவைக்க ஒருவர். போரைப் பற்றிய படமென்றால் தேடிப் பிடிப்பீர்கள். கலியாண வீட்டைப் பற்றிய படமென்றால் அவர் எங்கே? நம்முடைய கலியாண வீடுகளில் அவர்கள் இல்லையா? சமையல் கொட்டிலில் ஒற்றைக் கையால் கிடாரம் இறக்குபவரை நான் பார்த்திருக்கிறேன். கிராம சேவகர், ஓட்டோக்காரர், வயலில் முல்லைக்காரர், சந்தையில் மீன் கூறி விற்பவர், ரியூசன் மாஸ்ரர், எல்லா வேலையிலும் இருக்கிறார்கள். மாப்பிள்ளையாகவும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வேடம் கொடுங்கள் பார்ப்போம்.

"சனம் ஏற்றுக்கொள்ளாது" என்று ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள். எந்தச் சனம்? மட்டக்களப்புச் சனத்துக்கா இந்தக் குற்றச்சாட்டு? கூத்தில் மீசை மழித்த ஆம்பிளையைத் திரௌபதை என்று விடியவிடிய நம்பி, துகிலுரியும் இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்த சனம் அது. கூத்தாடும் வட்டக்களரியில் தெரிந்த முகம்தான் வந்து நிற்கும். பகலில் வரம்பு வெட்டியவன் இரவில் தருமன். தருமனா இல்லையா என்பதைத் தரு என்ற கூத்துப் பாட்டும் தாளக்கட்டும்தான் தீர்மானிக்கும். அண்ணாவியார் குரலைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், ஆளுக்கேற்ற பாத்திரம் வகுத்துச் சட்டம் (அவரவர் பாட்டும் வசனமும் எழுதியது) கொடுப்பார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாண்டவராக வனவாசம் போகிறவர்களைத் தெருவோரம் நின்று கும்பிடுகிறோம், முகவெட்டுப் பார்த்தா கும்பிடுகிறோம்? தமிழில் இரட்டைப் புலவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடவாது, பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று. கமரா வந்த பிறகு இந்தப் பழக்கமெல்லாம் எங்கே போயிற்று?

கூத்துக்குத் தூரம் உண்டு, சினிமாவில் குளோசப் இருக்கிறது என்பீர்கள். நியாயமான பேச்சு. அதற்குப் பதில் என் பெட்டியிலும் உங்கள் லைட்டிலும் இருக்கிறது. நேருக்கு நேர் லைட் அடித்தால் செயற்கைக் கண்ணில் ஒரே புள்ளியில் மினுக்கம் நிற்கும். மற்றக் கண் அசையும், இது அசையாது, பார்ப்பவருக்கு அதுதான் உறுத்தும். லைட்டைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போங்கள், கொஞ்சம் உயரத்துக்கு எடுங்கள், மினுக்கம் போய்விடும். கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். கூட நடிப்பவரை நல்ல கண் இருக்கும் பக்கம் நிறுத்துங்கள். செயற்கைக் கண்ணின் மேல்மடல் சிலருக்குக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், அதற்குக் கொஞ்சம் வெளிர் நிறப் பூச்சு போதும், ஐந்து நிமிச வேலை. தூரம் கணிப்பதில் சிலருக்குத் தடுமாற்றம் வரலாம், சின்ன வயதில் கண் போனவர்களுக்குப் பெரும்பாலும் பழகியிருக்கும். கோப்பையைக் கை மாற்றும் காட்சி, படி இறங்கும் காட்சி என்றால் ஒத்திகையில் இரண்டுதரம் கூடச் செய்ய விடுங்கள், நிற்க வேண்டிய இடத்தில் நிலத்தில் தடிப்பாக ஒரு கோடு போடுங்கள். கல்லடிக் கடற்கரையில் எடுப்பதென்றால் காற்றில் மணல் வரும். கண்ணைக் கழுவ நல்ல தண்ணியும் ஒரு மறைவிடமும் வேண்டும். "கழற்றிக் காட்டு தம்பி" என்று ஒளிப்பதிவுப் பெடியன்மார் சுற்றி நிற்கக்கூடாது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நடந்திருக்கிறது.

இவ்வளவும் செய்து எடுத்துப் பார்த்த பிறகும் ஒருவர் உங்கள் கதைக்குப் பொருந்தவில்லை என்றால் விடுங்கள். நடிப்பு வராத ஒருவருக்கு இரக்கத்துக்காக வேடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கொடுப்பது அவருக்கும் அவமானம், படத்துக்கும் கேடு. இரண்டு கண் உள்ள எத்தனை பேரை நடிப்பு வராமலே வைத்துப் படம் முடித்திருக்கிறோம் என்பதும் நமக்குள் இருக்கட்டும்.

காசில்லை, நேரமில்லை என்பதும் தெரியும். இரவல் கமரா, இரண்டு நாளில் முடிக்க வேண்டும், யூடியூப்பில் போடும்போது முகப்புப் படத்தில் அழகான முகம் இருந்தால்தான் ஆள் அழுத்திப் பார்ப்பான். நானும் பெற்றோல் காசுக்கு முகம் பூசினவன். ஆனால் நான் கேட்பதற்குக் காசு செலவில்லை. தெரிவு அறிவித்தலில் "வசீகரமான தோற்றம்", "உடற்குறை அற்றவர்" என்று போடுவதை எடுத்துவிடுங்கள். வருகிற ஒவ்வொருவரையும் ஒரு நிமிசமாவது கமராவில் எடுங்கள். முடிவைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மண்டபம் எடுக்கும்போது வாசலில் படி எத்தனை என்றும் பாருங்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பிள்ளையைத் தெருவில் வைத்தே பெயர் பதிந்து அனுப்பியதையும் கண்டவன் நான். இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைக் காக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு ஆள் எடுப்பதில் இயலாமையைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது. சம்பளமில்லாத உங்கள் குறும்படம் அதற்குள் அடங்குமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் பேசட்டும். சட்டத்துக்குப் பயந்து எடுக்கும் படம் நன்றாகவும் வராது.

அந்தத் தம்பி இப்போது போன் திருத்தும் கடை ஒன்றில் நிற்கிறார். கறுப்புத் துணி கட்டும் வேடத்துக்கு அவர் போகவில்லை. நான் கேட்டபோது, "மாமா, வசனம் இல்லாட்டி நான் என்னத்துக்கு?" என்றார். நாடக ஆசை விட்டுப் போகவில்லை. உங்களில் யாருக்காவது அந்தக் கடன் கேட்கும் காட்சியைக் கமராவில் எடுத்துப் பார்க்க விருப்பமென்றால் என்னிடம் சொல்லுங்கள், கூட்டி வருகிறேன்.

இன்னுமொன்று. அடுத்த தெரிவுக்கோ படப்பிடிப்புக்கோ ஒப்பனைக்கு என்னைக் கூப்பிடுவதென்றால் கூலி வழக்கம்போல. குறைத்துத் தந்தாலும் வருவேன். ஆனால் தெரிவுக்கு வந்த எல்லாரையும் கமராவில் எடுத்துப் பார்த்தீர்களா என்று முதலில் கேட்பேன். இல்லை என்றால் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒப்பனைக்காரன்,
மட்டக்களப்பு.